பெயர் எழுதிய பெட்டிகள்

கல்விச் சுற்றுலா என்றதும் மாணவர் மனத்தில் எழுவன கோட்டைகளும் நீர்வீழ்ச்சிகளும் நூதனசாலைகளுமே. மனிதகுலம் வெட்கித் தலைகுனிய வேண்டிய இடங்களையும் இளைஞர் காணத்தான் வேண்டுமோ எனப் பெற்றோர் சிலர் வினவுவர். மாணவர் குழுவொன்றுடன் போலந்து நாட்டிற் சில நாட்களைக் கழித்த எனக்கு, வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

முதலிற் கண்டது விஸ்துலா நதிக்கரையிலுள்ள கிராக்கோ. போலந்து மன்னரின் பழைய தலைநகர் அது. வாவெல் குன்றின்மீது அரண்மனை. கீழே, 1257ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற பரந்த சந்தைச் சதுக்கம். மரியன்னை ஆலயக் கோபுரத்தினின்றும் மணிக்கொருமுறை எக்காளம் முழங்கி, நடுவிலே சட்டென நின்றுவிடும். முற்காலத்திற் பகைவர் வருகையை ஊதி அறிவித்த காவலனின் கழுத்தில் அம்பு தைத்தது என்பது அவ்வூர்க் கர்ணபரம்பரைக் கதை.

1364இல் தோன்றிய பல்கலைக்கழகம் இந்நகரின் பெருமை. கொப்பர்னிக்கஸ் பயின்ற இடம் அது. 1939ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, விரிவுரையொன்று உளதென்று அழைத்து, அங்கு கூடிய பேராசிரியர்களும் பிறருமாக 183 பேரை நாஸிகள் சிறைப்பிடித்தனர். ஒரு நாட்டை அடிமைகொள்ள விழைவோர் ஆசிரியரை முதலில் அஞ்சுகின்றனர் போலும்!

கசிமியேஷ் என்னும் பகுதியில் யூதர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். 1941 மார்ச்சில் நகரத்து யூதர் நதிக்கு அப்பால் மதிலிட்ட சேரியொன்றில் அடைக்கப்பட்டனர்; 1943 மார்ச்சில் அச்சேரியும் வெறுமையாக்கப்பட்டது. இன்று அங்குள்ள சதுக்கத்தில் உலோக நாற்காலிகள் ஆளின்றி நிற்கின்றன.

மறுநாள் அவுஷ்விட்ஸ் சென்றோம். 1940 முதல் 1945 ஜனவரி 27இல் செஞ்சேனை விடுவிக்கும் வரை அம்முகாமில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சம். அவர்களுட் சுமார் 10 இலட்சம் பேர் யூதர். எண்ணைக் கேட்டபோது மாணவர் குறித்துக்கொண்டனர். கண்ணாடிக்குப் பின்னே குவிந்திருந்த பயணப் பெட்டிகளைக் கண்டபோதோ அவர்கள் கைகள் ஓய்ந்தன. திரும்பப் பெறலாம் என நம்பி, பெயரும் பிறந்த ஆண்டும் எழுதிய பெட்டிகள் அவை. ஒரு மாணவன் ஓராண்டைப் பார்த்து மெல்லக் கழித்துப் பார்த்தான். “என் தங்கையின் வயது, சேர்” என்றான். அதன்பின் அவன் பேசவில்லை.

வேலைக்கெனத் தெரிவு செய்யப்பட்டோர்க்கு உடலில் எண் பச்சை குத்தப்பட்டது. நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டோர்க்கு அந்த எண்ணும் இல்லை. அதனாலேயே, 27ஆம் கட்டடத்திலுள்ள பெரும் பெயரேடு என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஐரோப்பாவெங்கும் கொல்லப்பட்ட யூதருள் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதிலுள்ளன. நாள்தோறும் வகுப்பில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் எனக்கு, அதன் பக்கங்களைப் புரட்டுதல் எளிதாயிருக்கவில்லை. அழைத்தால் “உள்ளேன்” என்பார் எவருமில்லை.

முகாமின் சூளைகளை வடிவமைத்த பொறியியலாளரும், புகையிரத நேரசூசி வகுத்தோரும், இறங்கியோருள் வாழ்வார் யார், சாவார் யார் எனப் பிரித்த வைத்தியரும் கற்றவர்களே. நம் பிள்ளைகள் பரீட்சையிற் சித்தியெய்துதல் நன்று. அயலவனை எண்ணாகக் காணாது பெயர் சொல்லி அறியும் பண்பும் அவர்க்கு வாய்க்க வேண்டும். அதனைப் போதியாத கல்லூரியில் எத்தனை பட்டதாரிகள் தோன்றினும் பயன் என்ன?