அந்த இருபத்தைந்து நிமிடங்கள்

எனது 2012ஆம் ஆண்டு டயறிக்குள் கையகலப் படமொன்று இருக்கிறது. கத்தோலிக்கர்கள் செபப் புத்தகங்களுக்குள் வைத்துக்கொள்வார்களே, அத்தகைய படம். அதில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இது வாப்பாவின் டயறிக்குள் எப்படி வந்ததென்று என் மகன் ஒரு தடவை கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருடம் எனது தங்கையின் மூத்த மகள் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இருந்தாள். வயது 16. முழங்காலில் தொடங்கிய வலி. எங்காவது விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தடவினோம்; ஓதிப் பார்த்தோம். எலும்பில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அது நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. தங்கை மகளோடு வார்ட்டில் தங்கினாள். மச்சான் கத்தாரில். கிழக்கிலிருந்து இரவு பஸ் ஏறி வாரந்தோறும் போய்வருவது என் பொறுப்பாயிற்று.

பக்கத்துக் கட்டிலில் மட்டக்களப்பைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளையொன்று. அவளுக்கும் அதே நோய். சிங்களம் பேசும் அந்த வார்ட்டில் இரண்டு தாய்மாரையும் முதலில் சேர்த்து வைத்தது தமிழ்தான். பிறகு ஒரே சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரே கஞ்சி. அந்தத் தாய்தான் என் மருமகளுக்கு இந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறார்.

படத்திலிருப்பவள் கியாரா பதானோ. இத்தாலியின் சசெல்லோ என்ற சிற்றூரில் 1971 ஒக்டோபர் 29இல் பிறந்தவள். தகப்பன் லொறிச் சாரதி. 11 வருடங்கள் பிள்ளையில்லாதிருந்து பெற்ற ஒரே பிள்ளை. 1988இல் டெனிஸ் விளையாடும்போது தோளில் கடும் வலி எடுத்தது. எலும்புப் புற்றுநோய். கால்கள் இயங்காமற் போயின. அறிவு மங்கிவிடும் என்று மோர்பின் மருந்தையும் மறுத்தாள். சேர்த்து வைத்திருந்த பணத்தை ஆபிரிக்காவில் சேவை செய்யப் போன நண்பனிடம் கொடுத்துவிட்டாள். 1990 ஒக்டோபர் 7இல், 19 வயது நிறைய மூன்று வாரங்கள் இருக்கையில் இறந்தாள். அவளது கண்களால் இரண்டு இளைஞர்கள் பார்வை பெற்றார்கள். 2010 செப்டெம்பர் 25இல் கத்தோலிக்கத் திருச்சபை அவளை அருளாளராக அறிவித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மருமகள் கேட்டாள்:

“மாமா, இந்தப் புள்ள கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே இரிந்திச்சாம். நான் அழுதா அல்லாஹ்வுக்குக் கோவம் வருமா?”

முப்பது வருடம் படிப்பித்தவன் நான். கேள்வி வந்ததும் பதில் சொல்லிப் பழகிய வாய். ஐயூப் நபியின் பொறுமையைச் சொன்னேன். முஃமினுக்கு முள் குத்தினாலும் அதற்குப் பகரமாகப் பாவம் அழிக்கப்படுகிறது என்ற ஹதீஸைச் சொன்னேன். பொய்யொன்றுமில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு “சரி மாமா” என்றாள். நன்றாகத்தான் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் போனபோது அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். தாதிமார் அவளை மெச்சினார்கள். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் “என்ன ஸபுறான புள்ள!” என்று வியந்தார்கள். தங்கை மட்டும் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, “நானா, ராவைக்குப் போர்வைய வாய்க்குள்ள அடைஞ்சிக்கிட்டுக் கிடக்காள். கேட்டா ஒண்டுமில்ல எண்டுறாள்” என்றாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

விறாந்தையில் அந்த மட்டக்களப்புத் தாய் நின்றிருந்தார்.

“சேர், பிழையா நினைக்கப்படாது. நான் அந்தப் படத்தக் குடுத்தது பிழையாப் போயிற்று. படத்தில சிரிப்பு மட்டுந்தானே தெரியுது” என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. முதல் மருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த கியாரா, தாயிடம் இப்போது பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு 25 நிமிடங்கள். தாய் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் திரும்பிச் சிரித்திருக்கிறாள்.

“அந்த இருபத்தஞ்சு நிமிசத்த நாம உங்கட பிள்ளைக்குக் குடுக்கல்ல சேர்.”

அன்று அஸர் தொழுதுவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். யூசுப் நபியை இழந்த யஃகூப் நபி, கண் வெளுத்துப்போகும் வரை அழுதவர். அழகிய பொறுமை என்று பேசியவரும் அவர்தான். நமது றஸூலுல்லாஹ், மகன் இப்ராஹீமின் மௌத்தில் கண்ணீர் வடித்தார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையா? தெரிந்திருந்தும், அழுகிற பிள்ளையின் முன்னால் எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவளது அழுகையைத் தாங்க முடியாதிருந்தது எனக்குத்தான்.

அந்தத் தாயின் நம்பிக்கை என்னுடையதல்ல. நோயாளியின் வேதனை சிலுவையில் யேசு பட்ட வேதனையோடு சேர்கிறது என்பது அவர்களது ஈமான். சிலுவைச் சாவையே நாம் ஏற்பதில்லை. ஆனால் பட்ட வேதனை வீண் போகாது என்ற இடத்துக்கு இரு சாராரும் வெவ்வேறு பாதைகளால் வந்து சேர்கிறோம். என் பாதையில் நான் விட்டுவிட்ட ஒன்றை அவர் எடுத்துத் தந்தார்.

மறுநாள் மருமகளிடம் யஃகூப் நபியைச் சொன்னேன். “அழு மகள்” என்றேன். அழுதாள். தங்கை கட்டிக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை. ஓய்ந்த பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

“நான் மௌத்தாகப் போறனா மாமா?”

“அல்லாஹ்தான் அறிஞ்சவன். டொக்டர்மார் கைவிட்டுட்டாங்க மகள்.”

சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, வகுப்புக் கூட்டாளியொருத்திக்கு 250 ரூபா கடன் இருப்பதாகவும் அதைக் கொடுத்துவிடும்படியும் சொன்னாள். அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பு, யாருக்காகவும் சிரித்ததல்ல.

மட்டக்களப்புப் பிள்ளை முதலில் போனாள். என் மருமகள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர். அந்தத் தாய் பஸ்ஸேறி வந்து, முக்காடிட்டுக்கொண்டு தங்கையோடு ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனார்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறு பிள்ளைகளும் மாண்டார்கள். அதைச் செய்தவன் நமது பெயரைத் தாங்கியவன். அந்தத் தாய் போவது வேறு கோயில் என்று தெரியும். ஆனாலும் தொலைபேசி இலக்கத்தை அழுத்த எனக்கு நான்கு நாட்கள் சென்றன.

“நான் சுகம் சேர். உங்கட தங்கச்சி எப்பிடி இருக்கிறா?” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அழைப்பைத் துண்டிக்கவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லை. மறுமுனையில் காத்திருந்தார்.