விக்கெட் விழுந்தா விசில்

2025 ஏப்ரல் 11. அப்பாவை முதல் தடவையா சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போன நாள். இன்டர்ன்ஷிப்ல வந்த ஸ்டைபெண்டில் பாதி அந்த ரெண்டு டிக்கெட்டுக்கே போச்சு. போகட்டும், எனக்கு சிஎஸ்கே பைத்தியம் பிடிக்க வைத்தவரே அவர்தான். ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு, மறுபடியும் தோனிதான் கேப்டன்னு முந்தின நாள் செய்தி வந்திருந்தது. அப்பா மஞ்சள் டி-ஷர்ட்டை இஸ்திரி போட்டே மாட்டிக்கிட்டு வந்தார்.

20 ஓவரில் 103க்கு 9. சேப்பாக்கத்தில் சிஎஸ்கே எடுத்ததிலேயே குறைந்த ஸ்கோர். கொல்கத்தா 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டுப் போயிட்டாங்க. மூணு விக்கெட் எடுத்த சுனில் நரைனே ஓப்பனிங்கும் வந்து 18 பந்தில் 44 அடித்தார். நமக்குத் தொடர்ந்து அஞ்சாவது தோல்வி. இதுக்கு முன்னாடி எந்த சீசனிலும் அப்படி நடந்ததில்லை.

அன்னைக்கு எழுபது சொச்சத்துக்கு ஏழாவது விக்கெட் விழுந்தது. அடுத்து தோனி. ஸ்டேடியமே எழுந்து நின்னு கத்துது. நானும் சீட் மேல ஏறி விசில் அடிச்சேன். அப்பா மட்டும் உக்காந்தே இருந்தார். "விக்கெட் போனதுக்கு ஏன்டா விசில் அடிக்கிற?" என்று கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள நரைன் பந்தில் தோனியும் எல்பிடபிள்யூ. ஒரு ரன்.

அந்தக் கேள்வி எனக்குள்ள அப்படியே உக்காந்துடுச்சு. சீசன் முடிஞ்சு 14 மேட்சில் நாலே வெற்றியோட, ஐபிஎல் வரலாற்றில் முதல் தடவையா கடைசி இடத்துக்குப் போனப்போ எல்லாரும் ஆக்‌ஷனைத் திட்டினாங்க. திட்டலாம், தப்பில்ல. அஸ்வினுக்கு 9.75 கோடி, கான்வேக்கு 6.25 கோடி, திரிபாதிக்கு 3.4 கோடி. மத்த டீம் எல்லாம் பவர்பிளேயில் சிக்ஸர் அடிக்க ஆள் தேடினப்போ, நாம பழகின முகமா பார்த்து வாங்கினோம். 10 கோடிக்கு எடுத்த நூர் அகமது மட்டும் 24 விக்கெட் எடுத்து மானத்தைக் காப்பாத்தினார்.

ஆனா ரசிகனா என் பங்கும் இதுல இருக்கு. மார்ச் 28 அன்னைக்கு ஆர்சிபிகிட்ட 50 ரன்ல தோத்தோம். 2008க்குப் பிறகு அதுவரை அவங்க சேப்பாக்கத்தில் நம்மகிட்ட ஜெயிச்சதே இல்ல. அன்னைக்கு தோனி ஒன்பதாவதா வந்து 16 பந்தில் 30 அடிச்சப்போ, மேட்ச் கைவிட்டுப் போய் ரொம்ப நேரமாச்சு. நாங்க ஹாஸ்டல்ல அந்த 30 ரன்னைத் திரும்பத் திரும்ப ரீல்ஸ்ல பார்த்துக்கிட்டு இருந்தோம். தோத்ததே மறந்துபோச்சு. (ரூம்மேட் ஆர்சிபி. அந்த வருஷம் கப்பும் அவங்களுக்கே. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத மாட்டேன்.) 43 வயசு ஆள், முட்டி வலியோட, எத்தனை பந்து ஆட முடியும்னு அவருக்கே தெரியும். எங்களுக்குத்தான் அதைப் பார்க்க மனசு வரல. அவர் கிரீஸுக்கு வந்தா போதும்னு இருக்கிற கூட்டத்துக்கு, ஆறாவது ஆளு யாரு ஆடினா என்ன?

இந்தக் கூத்துல மாட்டினது என் வயசுப் பசங்க. ருதுராஜுக்கு பதிலா வந்த ஆயுஷ் மாத்ரேக்கு 17 வயசு. பெங்களூருல 48 பந்தில் 94 அடிச்சான். பாதி சீசன்ல வந்து சேர்ந்த பிரேவிஸ், கடைசி மேட்சில் குஜராத்துக்கு எதிரா 23 பந்தில் 57. நாம 230 எடுத்து 83 ரன்ல ஜெயிச்சோம். வீட்டுல அப்பாவோட பார்த்தேன். "இவங்க எல்லாம் இவ்ளோ நாளா எங்கடா இருந்தாங்க?" என்றார். எக்ஸ்பீரியன்ஸ் இல்லைன்னு வெளியே நின்னிருப்பாங்க, வேற எங்க? இப்போ பிளேஸ்மென்ட் சீசன்ல, ஃபிரெஷர் வேலைக்கே ரெண்டு வருஷ அனுபவம் கேட்கிற மெயிலைப் பார்க்கும்போதெல்லாம் மாத்ரே ஞாபகம்தான்.

டிசம்பர் ஆக்‌ஷன்ல டீம் ஒரேயடியா மாறிடுச்சு. அதுக்கு முன்னாடியே டிரேடில் ஜடேஜா ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் இங்கே. இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 14.20 கோடி. தோனியும் இருக்கிறார். சந்தோஷமா, பயமான்னு கேட்டா, ரெண்டும்.

போன வாரம் அப்பாவுக்குப் போன் பண்ணி, "இந்த வருஷமும் டிக்கெட் போடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"போடு. விசிலை ரூம்லயே வெச்சிட்டு வா."