குன்றிமணியும் தோட்டாவும்

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்டாலே என் உள்ளங்கை வியர்க்கும். புறநானூற்றுப் போர்க்களங்களை வகுப்பறையில் முழங்கி நடத்திய நாவுதான். ஆயினும் ஒரு தோட்டாவின் முன்னே அது வறண்டுவிடும்.

2018ஆம் ஆண்டில் அக்காளைக் காண ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றேன். அங்குக் குடியேறிவிட்ட தம் மகனோடு அவர் வாழ்ந்து வந்தார். என் மருமகன் ஒரு பொறியாளன். நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலில் ஈடுபாடு கொண்டு, கைவினைஞர் ஒருவரிடம் சொல்லித் தனக்கென ஒரு துப்பாக்கியைச் செய்வித்திருந்தான். முன்பு அதன் படத்தை எனக்கு அனுப்பியபோது நான் மறுமொழி எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் அவனோடு பேசவும் இல்லை. அக்காளின் உடல் தளர்ந்துவிட்டது என்ற செய்தி வராதிருந்தால் சென்றிருக்கவே மாட்டேன்.

சென்ற அன்றிரவே அதிர்ச்சி காத்திருந்தது. வீட்டின் பின்னறையில் மேசை விளக்கின் கீழ், எண்பத்தொரு வயது அக்காள் மூக்குக்கண்ணாடியைச் சரித்துக்கொண்டு வெறும் பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாய்த் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். எடை ஒத்தவை ஒரு தட்டில், ஒவ்வாதவை மற்றொரு தட்டில். அரிசியில் கல் பொறுக்குபவரைப்போல் அமைதியாக இருந்தார். நான் வாயிலிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ளே வாங்க மாமா. கடிக்காது" என்றான் மருமகன்.

கடையில் விற்கும் தோட்டாக்கள் போதாவா என்று கேட்டேன். கேள்வியில் இருந்த கடுமை அவனுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் பொறுமையாக விளக்கினான். ஒரு தோட்டாவில் இருப்பவை நான்கே: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஆயிரம் கஜத்தைக் கடக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் அது எட்டு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடும். ஆகவே குழலை உயர்த்திப் பிடித்துச் சுட வேண்டும். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் புறப்படும் வேகம் 10 மீட்டர் வேறுபட்டால், இலக்கில் ஏறக்குறைய ஒரு சாண் மேலோ கீழோ விலகிவிடும். வேகம் மாறாதிருக்க வேண்டுமானால் மருந்தின் எடையும் மாறக்கூடாது. கூட்டின் உள்ளளவும் மாறக்கூடாது. கூட்டின் கழுத்து குண்டைப் பற்றும் இறுக்கமும் மாறக்கூடாது. குழலின் உட்புறச் சுருள்காடியிலிருந்து குண்டு எவ்வளவு தள்ளி அமர்ந்திருக்கிறது என்பதுகூடக் கணக்கில் உண்டு. குழலுக்குக் குழல் இவை வேறுபடுவதால், ஒருவர் கண்ட அளவு மற்றவருக்குப் பொருந்துவதில்லை. நூல்களில் அச்சிட்ட தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும். உச்ச அளவைத் தாண்டினால் துப்பாக்கியே வெடித்துச் சுட்டவன் முகத்தைச் சிதைக்கும்.

மருந்தை அவர்கள் நிறுக்கும் அலகின் பெயர் கிரெயின். தானியமணி என்பதே அதன் பொருள். ஒரு கிராமில் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவான கிரெயின்கள் உள்ளன. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை அவன் பார்க்கிறான். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் கனம் என்று நான் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. ஆறு ஆண்டுகளில் நான் அவனிடம் சொன்ன முதல் இனிய சொல் அதுதான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1949ஆம் ஆண்டு பேராக்கில் எங்கள் தோட்டத்து லயம் கண்முன் நின்றது. அவசரகாலச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவனுக்குத் தூக்குதான். அவ்வாண்டு மே 4ஆம் நாள் தொழிற்சங்கத் தலைவர் கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றமும் துப்பாக்கி வைத்திருந்ததுதான். அந்தச் செய்தி தோட்டமெங்கும் கிசுகிசுவாய்ப் பரவியிருந்த நாளில், பால்மரத்தடியில் கிடந்த ஒரு தோட்டாவை, இன்னதென்று அறியாமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு அப்போது வயது ஏழு. அப்பா அதைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். சோதனைக்கு வந்த சிப்பாய்கள் இரண்டு லயங்களுக்கு அப்பால் நின்றனர். பன்னிரண்டு வயது அக்காள் ஒன்றும் பேசாமல் அதை ஒட்டுப்பால் உருண்டைக்குள் திணித்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்களைக் கடந்து நடந்தார். அன்று மாலை அது ஈயக்குட்டையில் மூழ்கியது. அதன் பின்னர் எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவசரகாலம் 1960இல் முடிந்தும் அந்த அச்சம் முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்பு வட்டாரமென அறிவிக்கப்பட்ட இடங்களில் அதே தண்டனையை வைத்திருந்தது; 2012இல்தான் அது நீக்கப்பட்டது.

சனிக்கிழமை அவனோடு சுடுதளத்திற்குப் போனேன். அங்கும் கட்டுப்பாடுகள் குறைவல்ல. 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்நாட்டுச் சட்டங்கள் இறுகிவிட்டன. உரிமம், பூட்டிய இரும்புப்பெட்டி, கொடிகள், ஆணைகள் என எல்லாம் ஒழுங்கு. நண்பகல் கடந்ததும் கடற்காற்று எழுந்தது. 'பிரிமேண்டில் டாக்டர்' என்று அவ்வூரார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், வெப்பநோய்க்கு மருத்துவராம்! மருமகனுக்கோ அது மருத்துவராக வரவில்லை. அவன் குண்டுகள் இடமும் வலமுமாய்ச் சிதறின. ஆனால் உயரத்தில் மட்டும் எல்லாம் ஒரே கோட்டில் நின்றன.

"காற்று என் பிழை மாமா. உயரம் அம்மாவின் வேலை" என்றான்.

அந்த வெற்றியை ஏற்கவும் அவன் தயங்கினான். மூன்று நான்கு குண்டுகள் எதையும் மெய்ப்பிக்கமாட்டா, முப்பதாவது பார்க்க வேண்டும் என்றான். ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைத் தரம் பிரித்த என் பழைய பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. அதை அவனிடம் சொல்லவில்லை.

அன்றிரவும் அக்காள் மேசையருகே இருந்தார். பக்கத்தில் அமர்ந்து, "உனக்கு அச்சமாயில்லையா அக்கா?" என்று கேட்டேன். எதைப்பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"அன்றைக்கு அது எவ்வளவு கனம் என்றே தெரியவில்லை தம்பி. கழுத்து ஒடிந்துவிடும்போல இருந்தது. இப்போது எண் தெரிகிறது" என்றார். பிறகு ஒரு கூட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்குக் கண் மங்குகிறது. நீ வைத்துப் படி."

கை நடுங்கியதால் தராசின் எண் நிலைக்கச் சற்று நேரமாயிற்று.

"நூற்று எழுபத்திரண்டு, புள்ளி நான்கு" என்றேன்.

"அந்தத் தட்டில் போடு. அடுத்தது" என்றார் அக்காள்.