நேத்து எப்படி இருந்தாரு?

அப்பா கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முதுநகர் வீட்டில் சிறுநீர்த் தொற்றில் சுருண்டவரை, இப்போது அரசு வசம் உள்ள சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றிரவு, "ஆலப்பாக்கம் எல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுத்தார். என்னிடமே டிக்கெட் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். எனக்குப் பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். "வயசாயிடுச்சில்ல" என்றார் சித்தப்பா.

டியூட்டி டாக்டர் கேட்டார்: "நேத்து எப்படி இருந்தாரு?"

முந்தின நாள் காலையில் பேப்பர் படித்தார். கரண்ட் பில்லை மனக்கணக்காகவே போட்டுச் சொன்னார்.

"அப்ப இது வயசு இல்ல. செப்சிஸ் மூளையைத் தொட்டிருக்கு."

கிருமி மூளைக்குள் போக வேண்டியதே இல்லையாம். தொற்றை எதிர்க்க உடல் சுரக்கும் வேதிப்பொருட்கள் கட்டுமீறி உடலையே பாதிப்பதுதான் செப்சிஸ். அப்போது ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு கசிகிறது. நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைகிறது. நரம்புச் செய்திகள் குழம்புகின்றன. முதியவர்களுக்குக் காய்ச்சலுக்கு முன்பே குழப்பம் தலைகாட்டலாம். செப்சிஸைச் சந்தேகிக்க 2016இல் மருத்துவ உலகம் வகுத்த படுக்கையோரச் சோதனையில் மூன்றே அடையாளங்கள்: நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், மாறிய மனநிலை. இரண்டு இருந்தாலே உஷாராக வேண்டும். உளறுபவராவது கவனத்தில் படுவார். சத்தமில்லாமல் மயங்கிக் கிடப்பவரை 'நல்லா தூங்குறாரு' என்று விட்டுவிடுவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கெனத் தனி மருந்து கிடையாது. சர்க்கரை, சோடியம், பக்கவாதம் எல்லாம் பார்த்துவிட்டு, ஆன்டிபயாடிக்கும் சலைனும் கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டிவிடுவது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சொல்வது, ராத்திரி தூங்கவிடுவது எங்கள் வேலை.

தெளிந்து வீடு திரும்பினார். ஆனால் சில்லறை எண்ணும்போது இன்னும் தடுமாறுகிறார். அமெரிக்க முதியவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், கடும் செப்சிஸுக்கு முன் 6.1 சதவீதம் பேருக்கு இருந்த கணிசமான அறிவுத்திறன் குறைவு, பிழைத்தபின் 16.7 சதவீதமானது.

எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் தொற்று குணமானது மட்டுமே இருந்தது; சில்லறைத் தடுமாற்றம் வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது. மறுபரிசோதனையில் அதை நான்தான் சொன்னேன். ரத்தத்தில் உள்ளதை லேப் சொல்லும். மனிதர் முன்பு எப்படி இருந்தார் என்பதைக் கூட இருப்பவர்தான் சொல்ல முடியும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.