பழைய போனை எறிந்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நேற்று போனில், "போனா போகுது அண்ணே, ஒன்பது கதைதானே" என்றாய். சொல்லிவிட்டு நீ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. பிள்ளைகள் தூங்கியபிறகு அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு வருஷமாகப் போனில் எழுதியதை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அது எப்படிப் போனால் போகும்? ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. போனில் பேசினால் திட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டிலிருந்து கரண்ட் பில் வரைக்கும் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைக்கிறவள் நீ. உன் கதைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? "நான் என்ன பெரிய எழுத்தாளரா" என்று ஆரம்பிக்காதே. அப்பாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கோயில் கொடைக்கு அப்பா எழுதின மூன்று நாடகத்தையும் 2001-ல் நம் கடையில் டைப் அடித்து வைத்தேனே. இரண்டை சிடியில் ஏற்றினேன். மூன்றாவது பிளாப்பியோடு நின்றுவிட்டது. "இன்னொரு காப்பி போட்டு வையிடா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. முகூர்த்த மாசம் முடியட்டும் என்றேன். நோட்டைச் செல் அரித்தது உனக்குத் தெரியும். பிளாப்பியும் கெட்டுப்போனதை அப்பா இருந்தவரை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாசம் அந்த சிடியைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அப்போது நாங்கள் அடித்தது பாமினி ஃபாண்டில். கண்ணுக்குத்தான் அது தமிழ். அடியில் இருப்பதெல்லாம் ஆங்கிலக் குறிகள். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்றுவிடும். மாற்றித்தரும் கருவி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். இரண்டு நாடகம் உயிரோடு வந்தது. நீ போனில் அடிப்பது யூனிகோடுதான், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இனிமேல் போனுக்குள் இருக்கும் நோட்ஸில் எழுதாதே. கூகுள் டாக்ஸில் எழுது. போன் தண்ணீரில் விழுந்தாலும் கதை உன் கணக்கில் இருக்கும். இலவசமாக 15 ஜிபி தருகிறான். எழுத்து அதில் ஒரு மூலைகூடப் பிடிக்காது, இடத்தை அடைப்பது போட்டோவும் வீடியோவும்தான். 'கதைகள்' என்று ஒரே ஒரு ஃபோல்டர் போதும். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் வருஷம், மாசம், தேதி என்ற வரிசையில் எண்ணைப் போட்டுப் பிறகு தலைப்பை எழுது. வருஷம் முன்னால் நின்றால் பெயர்வரிசையும் காலவரிசையும் ஒன்றாகிவிடும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைத்த ஃபைல்களோடு இருபது வருஷம் மாரடித்தவன் சொல்கிறேன், கேள். கோபத்தில் ஒரு பத்தியை அழித்துவிடுவாயே, அதையும் முந்தைய பதிப்புகளுக்குள் போய் மீட்கலாம். கை வேலையாக இருந்தால் கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்திச் சொல்லு. தமிழில் தானே எழுதிக்கொள்ளும்.

யாருக்காவது படிக்கக் கொடுத்தால் பார்க்கும் உரிமை மட்டும் கொடு. எனக்குக் கருத்து எழுதும் உரிமை போதும். உன் வாக்கியத்தில் கைவைக்கிற உரிமையை யாருக்கும் கொடுக்காதே, எனக்கும்தான்.

மாசம் ஒரு தடவை எல்லாவற்றையும் பென்டிரைவில் இறக்கி வை. பாஸ்வேர்டை எழுதி பீரோவில் வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம், அதையும் மனசில் வை. அப்புறம், உன் கதைகளுக்கு என் மருமகள் வரைந்த படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு. போட்டோவாக வந்தால் சுருங்கிவிடுகிறது. அச்சில் பெரிதாக்கினால் கோடு உடைந்து நிற்கிறது. நல்ல கை அவளுக்கு. வீணாக்கிவிடாதே.

அப்பாவின் இரண்டு நாடகத்துக்கும் சுட்டி அனுப்பியிருக்கிறேன். பக்கத்திலேயே மூன்றாவதின் பெயரில் வெறும் ஃபைல் ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். அந்த நாடகத்தில் குட்டி ராஜகுமாரி வேஷம் கட்டியவள் நீதானே. பாட்டெல்லாம் உனக்குத்தான் மனப்பாடம். ஞாபகம் வருகிறபோது ஒரு வரியாவது அதில் போடு. உன் மதினியும் ஒரு பாட்டில் பாதி சொல்கிறாள், எழுதி வைத்திருக்கிறேன்.

நனைந்த போனுக்கு சார்ஜ் போட்டுப் பார்க்காதே, ஆன் பண்ணவும் வேண்டாம். துணியில் சுற்றி வை, எறிந்துவிடாதே. கொடைக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. ஜங்ஷனில் போன் ரிப்பேர் பார்க்கிற பையன் ஒருத்தன் இருக்கிறான், கெட்டிக்காரன். அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்