அப்பாவின் ஹாரன்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "தாராவிக்காரி வேறெதை எழுதுவாள், இட்லியைப் பற்றித்தான் எழுதுவாள்" என்று தோழியர் கேலி செய்தனர். இட்லியும் இதில் வரத்தான் போகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது என் தம்பியின் கோபத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கோபத்தின் முன் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி.

என் தந்தையார் இட்லி வியாபாரி. திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து இளம் வயதிலேயே இங்கு வந்தவர். விடியுமுன் அம்மாவும் அவரும் எழுந்து அவித்து முடித்துவிடுவார்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான் வழியாகச் செம்பூர் வரை போய்வருவார். கைப்பிடியில் ரப்பர் உருண்டை வைத்த ஹாரன் ஒன்று உண்டு. அதைத் தம்பி ஒருமுறை அமுக்கிய பிறகுதான் வண்டி நகரவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவனுக்கு அப்போது வயது ஏழு.

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டு, அன்றே இறந்தும் போனார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த இடத்தில் எட்டு லட்சம் பேருக்குக் குறையாமல் வாழும் பகுதி எங்களுடையது. "வீட்டுக்குள் இருங்கள்" என்றார்கள். வீடு என்றால் எங்களுக்குப் பத்தடிக்குப் பத்தடி அறையும் அதன்மேல் ஒரு பரணும். கழிப்பிடத்துக்குப் போக வேண்டுமானால் தெருவில் வரிசையில் நின்றாகவேண்டும். இந்த லட்சணத்தில் ஆறடி விலகி நிற்பது எங்கே?

வியாபாரம் நின்றது. அப்பா நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இருவரும் குரலைத் தாழ்த்திச் சண்டையிடுவார்கள். குரலைத் தாழ்த்தினால் குழந்தைக்குக் கேட்காது என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. தம்பி படுக்கையை நனைக்கத் தொடங்கினான். சோற்றுத் தட்டைத் தள்ளினான். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுக் கல்லூரிக் கனவில் இருந்தவள். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்ததில் எனக்கு எரிச்சல். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று எத்தனை முறை கேட்டேனோ, கணக்கில்லை.

ஏப்ரல் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் நோய் உறுதியாயிற்று. தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்தவர்கள் விடியற்காலையில் வந்து அழைத்துப் போனார்கள். தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். "ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்" என்றாள் அம்மா. அப்படியே சொன்னேன்.

"ரயில்தான் ஓடவில்லையே, அக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. போய் விளையாடு என்றேன். விளையாட இடம் எது? எங்கள் சந்தின் வாயிலை மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள்.

அன்று மாலைக்குள் சந்துப் பிள்ளைகள் அவனுக்கு எல்லாம் சொல்லிவிட்டார்கள்; வெள்ளை உடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனால் யாரும் திரும்பி வருவதில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவில் ஹாரன் ஒலித்தது. சைக்கிளின் மேல் சாய்ந்துகொண்டு விடாமல் அமுக்குகிறான். சந்து முழுவதும் விழித்துக் கத்துகிறது. நான் ஓடிப்போய்க் கன்னத்தில் அறைந்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் குறும்பு செய்தான் என்பதற்காகவா அடித்தேன்? இல்லை. அப்பா திரும்பி வராவிட்டால் என்ன செய்வோம் என்று நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கம்தான் கையில் இறங்கிற்று.

எதிர்வீட்டு ஆச்சி தன் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. எங்கள் சந்தின் அகலம் மூன்று முழம், இறங்காமலே பேசலாம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏலே, வயித்துக்குள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டாள். நோயைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவன் சிறிது நேரம் கழித்து, "கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

"அதுக்குப் பேரு பயம்லே. எனக்கும் இருக்கு. உங்க அக்காளுக்கும் இருக்கு. உங்கப்பன் காய்ச்சலுக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கான். பதினாலு நாள்னு சொல்லுதாவ. வருவான்னுதான் எல்லாரும் நினைக்கோம்."

நிச்சயம் வருவான் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் பின்னால்தான் கவனித்தேன். பிறகு ஒரு கந்தல் துணியை எறிந்து, "ஹாரன் வாயிலே அடைச்சுக்கோ. அப்புறம் எவ்வளவு கோபமோ அவ்வளவும் அமுக்கு" என்றாள். துணி அடைத்தபின் காற்று மெல்லத்தான் வெளியேறும். உருண்டை திரும்ப உப்பவும் நேரம் எடுக்கும். அவன் அமுக்கினான், காத்திருந்தான், அமுக்கினான். சற்று நேரத்தில் அவன் மூச்சும் அதே கதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்தான் அழுதான். ஆச்சி அவனை அழவிட்டாள்.

மூச்சை நீட்டி வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும் என்று பின்னர் உளவியல் வகுப்பில் படித்தேன். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகும் என்றும் படித்தேன். ஏழு வயதுப் பையனிடம் நான் கேட்டது அவனிடம் இல்லாத பொருளை. இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டுமழைக்கு நடுவே குழந்தைகளைக் காத்த அன்னா பிராய்ட் அம்மையார், குண்டுகளைவிடத் தாயைப் பிரிவதே பிள்ளைகளை மிகுதியாக வருத்திற்று என்று கண்டார். தாய் அஞ்சினால் பிள்ளையும் அஞ்சிற்று. நம் மும்பையிலும் இது புதிய செய்தியன்று. 1936-இல் நாக்பாடாவில் தொடங்கி, இப்போது செம்பூரை அடுத்த தேவநாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1937-லேயே குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றை நிறுவிற்று. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரம். எங்கள் சந்தில் ஒருவருக்கும் அது தெரியாது; ஆச்சிக்கு எழுத்தே தெரியாது.

மறுநாள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா பொய் சொன்னேன், அடித்ததும் தப்பு என்றேன். அவன் தலையாட்டவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு அப்பா தொலைபேசியில் பேசுவார் என்று ஏற்பாடு செய்தபின், ஐந்தரைக்கே என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்வான். பேச ஒன்றும் இராது. "இன்னிக்கு எத்தனை இட்லி சாப்பிட்டே?" என்று அப்பா கேட்பார். வீட்டில் இட்லியே இல்லாத நாளிலும் ஒரு கணக்குச் சொல்வான். மற்ற நேரத்தில் அம்மா அரிசியில் கல் பொறுக்க அவனையும் அருகில் இருத்திக்கொண்டாள்.

அப்பா வந்தார். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பாராட்டிப் பேசினார். எங்கள் தெருக்காரர்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் பள்ளிகள் திறக்கவில்லை. மும்பையில் சிறுவகுப்புகள் திறந்தது 2021 டிசம்பர் நடுவில்தான். அதுவரையில் அப்பா வியாபாரத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு விடியலிலும் தம்பி சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்குச் சினம் வரும். அம்மா அவர் கையைப் பிடிப்பாள். ஹாரனை ஒருமுறை அமுக்கச் சொல்லுவோம். சில நாட்களில் விட்டுவிடுவான், சில நாட்களில் விடமாட்டான். விடாத நாட்களில் செம்பூருக்கு இட்லி பிந்திப் போயிற்று.

இப்போது அவனுக்குக் குரல் உடையத் தொடங்கிவிட்டது. ஹாரனைத் தொடுவதில்லை. சென்ற மாதம் எண்ணெய் போடுவதற்காக அப்பா அதைக் கழற்றினார். உள்ளே ஆச்சியின் கந்தலில் ஒரு நூல் இன்னும் சிக்கியிருந்தது. தம்பி அதை வாங்கிப் பார்த்தான். பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான்.