மீஞ்சூர் வழியில் ஒரு பாட்டு

மீஞ்சூருக்குப் போயிருக்கிறீர்களா? “அங்கே என்ன இருக்கிறது?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, வலப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் கடந்து எண்ணூரும் போய்விட்டதா? இனி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் உப்பங்கழி இது. சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் ஜனங்கள் உண்டு. அப்பால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நமது வீட்டு மின்விசிறி சுழல வேண்டுமே! ஆனால் நிலக்கரி எரிந்த சாம்பலைக் கரைத்துக்கொண்டு போகும் குழாய்கள் கசிந்து, கழியிலே சாம்பல் படிந்தது. கழி தூர்ந்தால் இறால் ஏது? அடுப்பு எரிவது எப்படி?

இந்த இடத்துக்கு ஒரு பாட்டு உண்டு. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’தான் அது. எழுதியவர் கபேர் வாசுகி. சினிமா வாய்ப்புக்குக் காத்திராமல், சொந்தப் பாட்டை எழுதித் தாமே பாடும் இளந்தலைமுறையைச் சேர்ந்தவர். பாடியவர் 2016-ல் மகசேசே விருது பெற்ற சங்கீத வித்வான் டி. எம். கிருஷ்ணா. ராகமாலிகையில், நம் தெருவிலே பேசுகிற பட்டணத்துத் தமிழ்! ரதீந்திரன் பிரசாத் அதைப் படமாக்கினார். எண்ணூர்க் கழியோரத்தில் முகமூடி அணிந்து நிற்கிறார் வித்வான். கச்சேரி மேடையில் காண முடியாத கோலம்!

‘புறம்போக்கு’ என்றால் வசவு என்றுதானே நினைக்கிறோம்? உண்மையில் அது வரிக் கணக்குக்குப் புறம்பாக, எல்லோருக்கும் பொதுவென்று விட்ட நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் தரை எல்லாம் அதில் சேர்ந்தவை. யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் ஏளனம் செய்ததைத்தான் அந்தப் பாட்டு பெருமையாக்குகிறது.

அமெரிக்காவில் உடி கத்ரி என்பவர் 1940-ல் கிடாரும் கையுமாக, மண் எல்லோருக்கும் உரியது என்று ஒரு பாட்டு எழுதினார். 1970-களில் ‘பங்க்’ என்றொரு முரட்டு இசை கிளம்பியது. மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், கோபத்தைப் பாடலாம் என்றார்கள் அந்தப் பிள்ளைகள். மண்பாசமும் கோபமும் ஒன்றுசேர்ந்தால் எந்தத் தேசத்திலும் இப்படிப் பாட்டுப் பிறக்கும் போலிருக்கிறது.

அதோ, அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர்! ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருப்பதால் ‘வட காஞ்சி’ என்று பெயர் பெற்ற ஊர். இதன் நிலத்தடியில் இருந்த நல்ல தண்ணீரைப் பல்லாண்டுகள் சென்னைக்கென்று இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே புகுந்து, நிலத்தடி நீர் உவர்த்தது. பிறகு 2010-ல், பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. அதுவும் சென்னைக்காகத்தான்!

குடம் சுமந்த பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவா வேண்டும்? தரிசனம் முடித்துத் திரும்பும்போது அந்தக் கழியை இன்னொரு முறை பாருங்கள். அப்புறம், வீட்டில் குறும்பு செய்யும் பிள்ளையை ‘புறம்போக்கு’ என்று திட்ட வாயெடுத்தால், உங்களுக்கே நாக்குக் கூசும்!